கூரை ஒழுகி நனைந்த பொருள்களுக்கு இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் ஓட்டு வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறோம். உடைந்த ஓடுகளை மாற்றித் தருமாறு ஆடியிலிருந்தே சொல்லியும் உரிமையாளர் அசையாததால், ஐப்பசி அடைமழையில் கூரை ஒழுகி, பீரோவிலிருந்த பட்டுப்புடவைகளும் தையல் இயந்திரமும் பாழாகிவிட்டன. இழப்பை அவரிடம் கேட்க முடியுமா?

மறுமொழி 1: ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிராவிட்டால், 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, உங்களால் நேராத கட்டமைப்புப் பழுது உரிமையாளரின் பொறுப்பே. ஆனால் வாய்ச்சொல் நிற்காது, எழுத்தில் தெரிவித்தீர்களா?

மறுமொழி 2: 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, அவர் செய்யவேண்டிய பழுதை அறிவித்தும் செய்யாதபோது, நீங்களே சரிசெய்து செலவை வாடகையில் கழிக்க இடமளிக்கிறது. அது ஓட்டுக்குத்தான், புடவைக்கு அன்று; புடவைக்கு உரிமையியல் நீதிமன்றத்தை 3 ஆண்டுகளுக்குள் அணுகவேண்டும்.

கேட்டவர்: ஆவணியில் படத்தோடு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருக்கிறது.

மறுமொழி 1: அதை அழித்துவிடாதீர்கள். புடவைகளைச் சலவைக்குப் போடுமுன் அவற்றையும் படமெடுத்துவிட்டு, பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் அறிவிப்பு அனுப்புங்கள்.