தம்பி மகளின் தெரபிக்கு நிதி திரட்டுகிறோம், அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி மகளுக்கு 6 வயது. விபத்தில் தலையில் அடிபட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் இருந்தவரை ஆளாளுக்குக் கைகொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான செலவே ஆரம்பித்தது.

பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி என்று வாரம் முழுக்க ஓடுகிறது. இழந்ததை மூளை மறுபடி கற்க ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். நடுவில் விட்டால் தசை இறுகிவிடுகிறது. காலில் மாட்டும் பிளாஸ்டிக் ஸ்பிளின்டையும் பிள்ளை வளர வளர மாற்ற வேண்டும். போன வாரம் சட்டைப் பட்டன் ஒன்றை அவளே போட்டாள், இருபது நிமிடம் ஆனது. யாரையும் தொடவிடவில்லை, பிடிவாதக்காரி!

ஒரே தடவை பெரிய தொகை கேட்பதைவிட, மாதாமாதம் சிறு தொகை தருபவர்களைச் சேர்ப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. தனி வங்கிக் கணக்கு தொடங்கி, குடும்பத்துக்கு வெளியே ஒருவரையும் கையெழுத்துக்குச் சேர்க்கலாமா? பணம் தந்தவர்களுக்கு வரவு செலவுக் கணக்கை எத்தனை நாளுக்கு ஒருமுறை காட்டுகிறீர்கள்? அப்புறம், குழந்தையின் முகத்தை வெளியிட அவள் அம்மாவுக்கு விருப்பமில்லை, எனக்கும்தான். படமே இல்லாமல் யாராவது நிதி திரட்டியிருக்கிறீர்களா?