தோற்றுப்போன அடிமைக் கிளர்ச்சிகளுக்கு வரலாற்றில் என்ன இடம்?

தக்கலை மாணவி:
எம்.ஏ. வரலாறு முதலாண்டு படிக்கிறேன். கருத்தரங்கில் உரோமானிய அடிமைக் கிளர்ச்சிகள் பற்றிப் பேச வேண்டும். "மூன்று பெரிய கிளர்ச்சிகள், மூன்றும் தோல்வி. அடிமை முறை அப்படியே நீடித்தது. இதில் பேச என்ன இருக்கிறது?" என்று வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. மூன்றாவது கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஸ்பார்ட்டகஸ் கி.மு. 71-இல் வீழ்ந்தபின் கப்புவாவிலிருந்து உரோம் வரை ஆப்பியன் சாலையில் 6,000 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள் என்பதோடு என் குறிப்புகள் நின்றுவிடுகின்றன. வழிகாட்டுங்கள்.

பார்வதிபுரம் டீச்சர்:
மகளே, ஸ்பார்ட்டகஸைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, உரோமின் ஆட்சியில் இருந்த சிசிலித் தீவுக்குப் போ. நாகர்கோவிலில் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்திய காலத்திலெல்லாம் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

கி.மு. 135 வாக்கில் என்னா என்ற மலை நகரில் முதல் அடிமைப் போர் வெடித்தது. அங்கே டமோஃபிலஸ் என்று ஒரு பெரும் பண்ணைக்காரன் இருந்தான். உடுக்கத் துணியில்லை என்று அடிமைகள் வந்து முறையிட்டபோது, "இந்த நாட்டில் வழிப்போக்கர்கள் அம்மணமாகவா போகிறார்கள்?" என்று கேட்டான். கொள்ளையடித்து உடுத்திக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் பொருள். பிறகு அவர்களைத் தூணில் கட்டி அடித்து அனுப்பினான். சிசிலி முழுவதும் மேய்ச்சல் அடிமைகளுக்கு இதே கதிதான். சோறும் துணியும் கொடுக்காமல், கையில் தடியும் ஈட்டியுமாக மந்தையோடு அலையவிட்டார்கள். எஜமானர்கள் செலவை மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடே ஒரு படையைத் திரட்டிக் கொடுத்துவிட்டது.

தலைமை ஏற்றவன் யூனஸ், சிரியாவின் அபமேயாவைச் சேர்ந்தவன். அந்தியோகஸ் என்று மன்னர் பெயர் சூட்டிக்கொண்டான். அந்தப் பெயர் பொறித்த வெண்கல நாணயம் இன்றும் இருக்கிறது. ஓர் அடிமையின் அரசு நாணயம் அடித்தது என்பதை உன் நண்பனிடம் முதலில் சொல். என்னாவின் அரங்கில் டமோஃபிலஸை நிறுத்தி விசாரித்தார்கள். விசாரணை முடியுமுன்பே சிலர் அவனைக் கொன்றுவிட்டார்கள். அவன் மனைவிக்கும் கொடுமையான சாவு. ஆனால் அவர்களின் மகள், அடிமைகளிடம் எப்போதும் இரக்கம் காட்டியவள், ஒரு கீறலும் படாமல் கட்டானா நகரிலுள்ள உறவினர் வீட்டில் சேர்க்கப்பட்டாள். இதையெல்லாம் எழுதி வைத்த வரலாற்றாசிரியர் டியோடோரஸ் சிசிலிக்காரர், அடிமைகளின் பக்கம் நின்றவர் அல்லர். அவரே இன்னொன்றும் சொல்கிறார்: கிளர்ச்சியாளர்கள் சிறு பண்ணைகளை எரிக்கவில்லை, விளைச்சலை அழிக்கவில்லை, அந்தச் சூறையாடலைச் செய்தவர்கள் சுதந்திரமான ஏழைகள். எதிர்த்தரப்பின் எழுத்திலேயே இவ்வளவு தெரிகிறது. வெறிகொண்ட கும்பல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

கி.மு. 132-இல் உரோமானியத் தளபதி ருப்பிலியஸ் அவர்களை அடக்கினான். அது தெரிந்ததுதான்.

குளச்சல் வாசகர்:
டீச்சர், திருவிதாங்கூரில் 1855-இல் மகாராஜாவின் ஆணையாலேயே அடிமை முறை ஒழிந்தது. அப்படியானால் மாற்றம் மேலிருந்துதான் வரும் என்று ஆகாதா?

பார்வதிபுரம் டீச்சர்:
ஆணை வந்தது உண்மை, ஆனால் அது ஒரே நாளில் வரவில்லை. 1812-இல் ராணி கௌரி லட்சுமிபாய் அடிமை விற்பனையைத் தடுத்தபோதே வயலோடு கட்டுண்டவர்களை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். 1847-இல் மிஷனரிகள் மனு கொடுத்தார்கள். 1853-இல் பாதி விடுதலை, 1855-இல் மீதி. அதன் பிறகும் நம் ஊர்ப் பெண்கள் மேலாடை அணிவதற்காக 1859 வரை அடி வாங்கினார்கள். கேட்டவர்கள் கீழே இருந்தார்கள், தம்பி. அவர்களை விட்டுவிட்டு ஆணையை மட்டும் படிக்கக் கூடாது.

ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிடவும் வேண்டாம். உரோமில் முறைப்படி விடுதலை பெற்றவனுக்குப் பெரும்பாலும் குடியுரிமையே கிடைத்தது. இங்கே விடுதலை பெற்றவனுக்குப் பொதுவழியும் கிணறும்கூடக் கிடைக்கவில்லை. சாதி அப்படியே நின்றது.

தக்கலை மாணவி:
நன்றி டீச்சர். இந்தக் கிளர்ச்சிகளால் உரோமில் ஏதாவது மாறியதா? அதைத்தான் அவன் திரும்பத் திரும்பக் கேட்கிறான்.

பார்வதிபுரம் டீச்சர்:
அரசியல் மாறியது. ஸ்பார்ட்டகஸை வென்ற பெயரில் தளபதிகள் கிராசஸும் பாம்பேயும் படைகளைக் கலைக்காமல் உரோமின் வாசலில் நின்று, கி.மு. 70-இல் குடியரசின் மிக உயர்ந்த பதவியான கான்சல் பதவியைப் பெற்றார்கள். குடியரசு தளபதிகளின் கைக்குள் போன பாதையில் அதுவும் ஒரு படி.

அச்சமும் நிலைத்துவிட்டது. கி.பி. 61-இல் பெடானியஸ் செக்குண்டஸ் என்ற உயர் அதிகாரியை அவருடைய அடிமை ஒருவன் கொன்றான். அந்த வீட்டில் இருந்த 400 அடிமைகளையும் கொல்ல வேண்டும் என்று உரோமின் ஆட்சி மன்றமான செனட்டில் வாதிட்ட காசியஸ், பயம் ஒன்றுதான் இவர்களை அடக்கும் என்றார். உரோம் நகர மக்கள் கல்லும் தீப்பந்தமுமாகத் திரண்டு எதிர்த்தார்கள். பேரரசன் நீரோ வழியெங்கும் படையை நிறுத்தி 400 பேரையும் கொல்லக் கொண்டுபோனான். ஸ்பார்ட்டகஸ் இறந்து 130 ஆண்டுகள் கழித்து!

கருத்தரங்கில் எங்கே தொடங்குவது என்று கேட்டால், கி.மு. 104-ஐச் சொல்வேன். முறைகேடாக அடிமையாக்கப்பட்டவர்களை விடுவிக்கச் செனட் ஆணையிட்டது. சிசிலி ஆளுநர் நேர்வா விசாரித்துச் சில நாட்களில் 800 பேருக்கு மேல் விடுவித்தான். பண்ணைக்காரர்கள் நெருக்கியதும் விசாரணையை நிறுத்தி, மனுவோடு வந்தவர்களை எஜமானர்களிடமே திரும்பிப் போகச் சொன்னான். அவர்கள் திரும்பவில்லை. பாலிக்கி என்ற சிசிலியின் உள்ளூர்த் தெய்வங்களின் கோயிலில் கூடினார்கள். இரண்டாம் அடிமைப் போர் அங்கே முளைத்தது. அடக்க நான்காண்டுகள் ஆயின. முதலில் சட்டத்தின் வாசலில் போய் நின்றவர்கள் இவர்கள் என்பதை அவையில் அழுத்திச் சொல், மகளே.