மேலத்தெரு சொந்தங்கள் குரூப்: பப்லு பிளைட்ல வர வேண்டாம்

கார்த்தி அண்ணன்: எல்லாருக்கும் வணக்கம். டெல்லி வேலைய விட்டாச்சு, மே கடைசியில வீட்ட காலி பண்ணிட்டு வலங்கைமானுக்கே வந்துடறோம். ஜூன் 12 மேட்டூர் தொறந்தா குறுவைக்கு அப்பா கூட நான் நிக்கணும். சாமானெல்லாம் லாரி, நானும் நித்யாவும் பிளைட்டு. எங்க நாய் பப்லுவ கார்கோவுல போட்டுடலாம்னு ஒரு ஏஜென்ட் சொல்றாரு, டெல்லி டு சென்னை, அங்க மாத்தி திருச்சி. யாருக்காவது அனுபவம் இருக்கா

விஜயா அத்தை: வாடா ராஜா 🙏 உங்கப்பா இப்பவே தெரு முழுக்க சொல்லிட்டாரு. ஆனா அந்த புள்ளைய பெட்டியில பூட்டி சாமானோட சாமானா ஏத்துனா மூச்சு முட்டாதா

பாலு மாமா: அப்படி இல்லக்கா. பிளைட்டுக்கு அடியில அதுக்குன்னு தனி இடம் இருக்கு, மேல உக்காந்திருக்கற நமக்கு என்ன காத்து அழுத்தமோ அதேதான் அங்கயும், சூடும் பாத்துக்குவாங்க. எங்க ஆபீஸ் பையன் துபாய்லேருந்து பூனை கொண்டாந்தான், வந்து எறங்குனதும் மீன் தின்னுச்சு. தைரியமா அனுப்பு மாப்ள

செல்வம் சித்தப்பா: கார்த்தி, பணம் எதுவும் கட்டிடாத, இரு. சாப்ட்டு வந்து டைப் பண்றேன்

கார்த்தி அண்ணன்: சரி சித்தப்பா. இன்னும் கட்டல

செல்வம் சித்தப்பா: பாலு சொன்ன காத்து அழுத்தம் விஷயம் சரிதான். எனக்கு பயம் மேல பறக்கறப்ப இல்ல, கீழ நிக்கறப்ப. கார்கோன்னா நீ சில மணி நேரம் முன்னாடியே நாய ஒப்படைக்கணும், அது ஒரு ஷெட்டுல கெடக்கும், அப்புறம் ட்ராலில வச்சு பிளைட்டு பக்கத்துல கொண்டுபோய் நிறுத்துவாங்க, லோடிங் லேட்டானா தார் தரையிலயே நிக்கும், மே மாசம் டெல்லி வெயில் 45ஐ தாண்டும் அந்த தரை அதைவிட கொதிக்கும், சென்னையில மறுபடி எறக்கி மறுபடி ஏத்தணும், அங்க அக்னி நட்சத்திர புழுக்கம். இதுல எந்த எடத்துலயும் நீ பக்கத்துல இருக்க மாட்ட

செல்வம் சித்தப்பா: பூனை வந்துச்சு நாய் வந்துச்சுன்னு கேக்காத, என்ன ஜாதி நாய்னு பாரு. பப்லு பக், மூக்கு சப்பையான ஜாதி. நாய்க்கு நம்மள மாதிரி ஒடம்பெல்லாம் வேர்க்காது, நாக்க தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்ட வெளிய தள்ளும். பக்குக்கு மூக்கு ஓட்டையே இத்துனூண்டு, உள்ள அண்ணத்து சதை நீளமா தொங்கி மூச்சுக்குழாய் வாசல மறிக்கும். பயத்துல வேகமா மூச்சு வாங்க ஆரம்பிச்சா அந்த சதை வீங்கும், வீங்குனா வழி இன்னும் குறுகும், குறுகுனா இன்னும் வேகமா இழுக்கும். நாய்க்கு நார்மலே 101லேர்ந்து 102.5 டிகிரி பாரன்ஹீட், 106 தாண்டுச்சுன்னா மூளை கிட்னி எல்லாம் அடி வாங்கும். பெட்டிக்குள்ள இது நடந்தா யாரு பாக்கறது

செல்வம் சித்தப்பா: நான் கால்நடை டாக்டரா சர்வீஸ்ல இருந்தப்ப தஞ்சாவூர்ல ஒரு வீட்டுக்கு வடக்கேர்ந்து ஒரு புல்டாக் பிளைட்ல வந்துச்சு. லோடிங் லேட்டாம். ஏர்போர்ட்லேர்ந்து நேரா என்கிட்டதான் தூக்கிட்டு வந்தாங்க, ஈறு நீலம், நாக்கு வீங்கி வெளிய கெடக்கு. தண்ணி ஊத்தி ஃபேன் போட்டு ட்ரிப் ஏத்தி என்னென்னவோ பண்ணேன், காப்பாத்த முடியல. அந்த வீட்டு பொண்ணு பெட்டிய கட்டிபுடிச்சுகிட்டு எழுந்திரிக்கவே இல்ல. அதனாலதான் இவ்ளோ தூரம் சொல்றேன் தம்பி

விஜயா அத்தை: ஐயோ வேண்டாம்டா கார்த்தி வேண்டவே வேண்டாம்

பாலு மாமா: ஐயா டாக்டர் சொன்னா சரிதான். ஆனா வருஷத்துக்கு லட்சக்கணக்குல மிருகம் பிளைட்ல போகுதே, பெரும்பாலும் நல்லாத்தான போய் சேருது

தேவி: மாமா நானும் அப்படித்தான் நெனச்சேன், அப்புறம் தேடி பாத்தேன். அமெரிக்காவுல 2005 மே மாசத்துலேர்ந்து பிளைட்ல மிருகம் செத்தா ஏர்லைன் கணக்கு குடுக்கணும்னு சட்டம். 2010ல போக்குவரத்து துறை வெளியிட்ட கணக்குல அந்த 5 வருஷத்துல செத்தது 122 நாய். அதுல பாதி கிட்ட மூக்கு சப்பையான ஜாதிதான். புல்டாக் மட்டும் 25, அடுத்தது பக், 11. லேப்ரடார் 7. ஊர் முழுக்க லேப் இருக்கு, பக் அந்த அளவுக்கு இல்ல, அப்படியும் பக்தான் அதிகமா செத்திருக்கு

செல்வம் சித்தப்பா: கரெக்ட்மா. மூக்கு நீளமான, ஆரோக்கியமான நாய், குளுந்த மாசம், நேர் பிளைட்டுன்னா நானே சர்ட்டிபிகேட் எழுதி அனுப்பி வப்பேன். இது அந்த கேஸ் இல்ல. அமெரிக்க சட்டத்துலயே 85 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல இருக்கற எடத்துல பிளைட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவுல 45 நிமிஷத்துக்கு மேல நாய வைக்க கூடாதுன்னு இருக்கு. 85ன்னா நம்ம கணக்குல 29 சொச்சம். நமக்கு மார்கழி மத்தியானமே அந்த சூடு வந்துடும்

நித்யா அண்ணி: மாமா ஒரு சந்தேகம். இங்க பெட் ஷாப்ல தூங்கற மாத்திரை குடுத்துட்டா பயப்படாம தூங்கிட்டே வந்துடும்னு சொல்றாங்க. ஏஜென்ட்டும் அதேதான் சொல்றாரு

செல்வம் சித்தப்பா: குடுக்காதம்மா!! எந்த டாக்டர் எழுதி குடுத்தாலும் பிளைட்டுக்கு முன்னாடி குடுக்காத. அந்த மாத்திரை பிரஷர எறக்கும், மூச்ச மந்தமாக்கும், ஒடம்பு தன் சூட்ட தானே சரி பண்ணிக்கற சக்தியையும் கொறைக்கும். மயக்கத்துல தல ஒரு பக்கம் மடங்கி கெடந்தா பக்குக்கு மூச்சுக்குழாய் அடைச்சுக்கும், நிமிர்ந்து உக்காரவும் தெம்பு இருக்காது. அமெரிக்க கால்நடை மருத்துவர் சங்கமே வேண்டாம்னுதான் சொல்லுது. தூக்கம்னு நாம நெனைக்கறது அதுக்கு தூக்கம் இல்லம்மா

நித்யா அண்ணி: நல்ல வேளை கேட்டேன் மாமா. மாத்திரை வாங்கி வச்சுட்டேன், தூக்கி போட்டுடறேன்

தேவி: அண்ணி இன்னொன்னு, நடுவுல பிளைட் மாத்தறது. 2018ல அமெரிக்காவுல கன்சாஸ் போக வேண்டிய ஜெர்மன் ஷெப்பர்ட மாத்தி ஏத்தி ஜப்பானுக்கு அனுப்பிட்டாங்க, ஜப்பான் போக வேண்டிய கிரேட் டேன் கன்சாஸ்ல வந்து எறங்குச்சு. யுனைடெட் ஏர்லைன்ஸ். நம்ம பப்லு சென்னையில நின்னு திருச்சி பிளைட்ல ஏறலன்னா ராத்திரி முழுக்க அந்த கொட்டாயிலதான

கார்த்தி அண்ணன்: சரி கார்கோ வேண்டாம். கேபின்ல எங்க கூடவே? ஆகாசால 2022 நவம்பர்லேர்ந்து ஏத்தறாங்க, ஏர் இந்தியாலயும் உண்டு. இண்டிகோல கிடையாது

நித்யா அண்ணி: கேபின்னா கூடையோட சேத்து எடை போடுவாங்க. இவன் மட்டுமே 11 கிலோ இருக்கான், கூடை வேற. கீழதான் போடுவாங்க

செல்வம் சித்தப்பா: 11 கிலோ பக்குக்கு ரொம்ப அதிகம்மா, அதுவே மூச்சுக்கு எதிரி. ஊருக்கு வந்ததும் கொறைப்போம். இப்ப நான் சொல்றத கேளுங்க, ரயில்ல வாங்க. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ரெண்டு ராத்திரி ஒரு பகல், ஃபர்ஸ்ட் ஏசி. நீங்க ரெண்டு பேரு, ரெண்டு பெர்த் கூபே கெடச்சா உள்ள நீங்களும் பப்லுவும் மட்டும்தான், மூச்சு எப்படி வாங்கறான்னு கண்ணு முன்னாடி தெரியும்

பாலு மாமா: மாப்ள கூபே தானா கெடைக்காது, டிக்கெட் போட்டதும் நாய் வருதுன்னு சொல்லி கூபேதான் வேணும்னு லெட்டர் எழுதி குடுக்கணும், சார்ட் போடறப்பதான் தெரியும். நாய்க்கு தனி டிக்கெட் பார்சல் ஆபீஸ்ல, முன்கூட்டியே போயிடு. தடுப்பூசி கார்டும் டாக்டர் ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட்டும் கையில வச்சுக்க. செகண்ட் ஏசி தேர்ட் ஏசில நாய ஏத்த விட மாட்டாங்க

செல்வம் சித்தப்பா: கூபே கெடைக்கலன்னா கார்டு வேன்ல நாய் பெட்டி இருக்கு அதுல போடுங்கன்னு சொல்லுவாங்க. மே மாசத்துல அந்த இரும்பு பெட்டியும் வேண்டாம், கார்கோவுக்கு சொன்னதெல்லாம் அதுக்கும் பொருந்தும். டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு வேற நாள் போடுங்க

விஜயா அத்தை: ரெண்டு நாள் லேட்டானா என்ன, நாத்தங்கால் உங்கப்பாவும் சித்தப்பாவும் பாத்துப்பாங்க. புள்ள உசுரோட வரணும்

கார்த்தி அண்ணன்: சரி சித்தப்பா. வழியில எறக்கி நடக்க விடலாமா

செல்வம் சித்தப்பா: பகல்ல எறக்காத, பிளாட்பாரம் பாதத்த சுட்டுடும், கோச்சுக்குள்ளயே பேட் விரிச்சு பழக்கு. இன்னிலேர்ந்தே வீட்ல பழக்கு, பேட் மேல உச்சா போனா பிஸ்கட்டு. விஜயவாடா ராத்திரி வரும், அங்க எறக்கலாம், கழுத்துப் பட்டை வேண்டாம் மார்ப்பட்டை போடு, கழுத்த இழுத்தா மூச்சு போயிடும். ஏறறதுக்கு முன்னாடி வயிறு முட்ட சோறு போடாதீங்க, தண்ணி மட்டும் அடிக்கடி. இழுத்து இழுத்து கொறட்டை மாதிரி சத்தம் வந்தாலோ நாக்கு நெறம் மாறினாலோ ஈரத்துணியால வயிறு தொடை பாதம் தொடச்சு ஏசி காத்துல காட்டு, என்னைய கூப்பிடு, எந்நேரம்னாலும்

தேவி: சென்னையில காலையில எறங்கினதும் ஏசி கார் நான் பேசி வச்சுடறேன். வெயில் ஏறறதுக்குள்ள விக்கிரவாண்டி தாண்டிடுங்க, சேத்தியாத்தோப்புல நிறுத்தினா கூட பப்லுவ கார்ல தனியா விட்டுட்டு எல்லாரும் எறங்காதீங்க

நித்யா அண்ணி: கண்டிப்பா தேவி ❤️

கார்த்தி அண்ணன்: ஏஜென்ட்டுக்கு வேண்டாம்னு மெசேஜ் போட்டுட்டேன். பாலு மாமா, 28ஆம் தேதி ராத்திரிக்கு ஃபர்ஸ்ட் ஏசி இருக்கான்னு பாருங்களேன்

பாலு மாமா: பாத்துட்டேதான் இருக்கேன். 28 வெயிட்டிங். 30 ரெண்டு பெர்த் காட்டுது. போடவா

கார்த்தி அண்ணன்: போடுங்க மாமா

செல்வம் சித்தப்பா: தடுப்பூசி கார்டு போட்டோ எனக்கு அனுப்பு. வெறிநாய் ஊசி தேதி பாக்கணும். அப்படியே பப்லு மூக்கு ஓட்டை தெரியற மாதிரி கிட்டத்துல ஒரு போட்டோ, தூங்கறப்ப மூச்சு விடற வீடியோவும். ரொம்ப குறுகலா இருந்தா அங்கயே ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டிட்டுதான் கெளம்பணும்