பிரான்சன்: ரே ஸ்டீவன்ஸ் அரங்கு மூன்றே சீசனில் மூடியது ஏன்?

மேடைக்கணக்கு:
அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து பிரான்சனில் காமெடிப் பாடகர் ரே ஸ்டீவன்ஸ் 1991-இல் சொந்த அரங்கு திறந்தார். 2,000 இருக்கை, கன்ட்ரி பாட்டும் (அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டு) காமெடியும். 1993 சீசனோடு மூடிவிட்டார். கூட்டம் வராததால் மூடினார் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். தப்பு. 1991 டிசம்பரில் '60 மினிட்ஸ்' என்ற அமெரிக்க டிவி செய்தி நிகழ்ச்சி பிரான்சனை நேரடி இசையின் தலைநகர் என்று கொண்டாடியது. 1990 கணக்கெடுப்பில் 3,706 பேரே இருந்த ஊர். அடுத்த கோடையில் அரங்குகள் வரிசையாக இருக்கும் 76-ஆம் நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்தன. பார்க்க ஆளில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

உடம்பு தாங்கவில்லை, அதுதான் விஷயம். பிரான்சன் வழக்கம் பகல் ஒரு ஷோ, இரவு ஒரு ஷோ, வாரம் ஆறு நாள். வாசல் போர்டில் யார் பெயரோ அவரே மேடையேற வேண்டும். தொண்டை கட்டினால் பஸ் பஸ்ஸாக வந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்ப வேண்டியதுதான். அதே சமயம் 1992-இல் அவர் போட்ட காமெடி வீடியோ டிவி விளம்பரம் வழியாகத் தபாலிலேயே 20 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. அப்புறம் யார் தினம் இரண்டு வேளை வேஷம் கட்டுவார்?

இருக்கைஎண்ணி:
உடம்பா? பாடகர் ஆண்டி வில்லியம்ஸ் 1992 மே மாதம் அங்கே அரங்கு திறந்தபோது அவருக்கு வயது 64. 2012-இல் இறக்கும்வரை அது அவர் அரங்குதான். அவர் பாடியது கன்ட்ரி இல்லை என்று நழுவாதீர்கள். பஸ் அதே பஸ்தான்.

நான் பார்ப்பது கட்டடத்தை. 2,000 இருக்கை, இரண்டு ஷோ, ஆறு நாள்: வாரம் 24,000 டிக்கெட். ஜூலையிலும் அக்டோபரிலும் நிரம்பும். ஜனவரி முதல் மார்ச் வரை ஊரே போர்த்திக்கொண்டு தூங்கும், வட்டி தூங்காது. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

பிரெஸ்லி குடும்பம் (எல்விஸ் இல்லை, இவர்கள் வேறு) 1967-இல் நெடுஞ்சாலையில் முதல் அரங்கைக் கட்டியபோது என்ன செய்தார்கள் தெரியுமா? ஷோ ஓடாவிட்டால் படகு நிறுத்தும் கொட்டகையாக்கிவிடலாம் என்று கான்கிரீட் தரை போட்டார்கள். டேபிள் ராக் ஏரி பக்கத்தில் இருந்ததால் படகுக்குப் பஞ்சமில்லை. உட்கார மடக்கு நாற்காலிதான். அந்த ஷோ நட்சத்திர அரங்குகள் பலவற்றைத் தாண்டியும் ஓடியது. மறுபக்கம் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ்: அவர் பெயரில் எழும்பிய அரங்கு முடியும் முன்பே கட்டியவர் திவால். 1993-இல் அது இன்னொரு பாடகரான வெய்ன் நியூட்டனின் அரங்காகத் திறந்தது.

மேடைக்கணக்கு:
கேஷ் கதை கட்டியவரின் கதை, பாடகரின் கதை இல்லை. கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனை எடுங்கள். 1992-இல் புதிதாய் எதையும் கட்டவில்லை, இன்னொரு பாடகர் மெல் டில்லிஸ் விட்டுப்போன அரங்கு. சக பாடகர் மெர்ல் ஹேகார்டோடு முறை வைத்துத்தான் பாடினார். அப்படியும் ஒரே சீசன். சுமக்கப் புதுக் கட்டடம் இல்லாமலே ஓடிவிட்டாரே?

ஒலிமேசை:
இரண்டு பேரும் காமெடியை மறந்தாச்சு. பாட்டுக்கு 2,000 இருக்கை சரி, காமெடிக்கு அது விரோதி. 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவர் காதுக்குச் சத்தம் 90 மில்லிசெகண்ட் கழித்துத்தான் போகும். அவர் சிரிப்பு மேடைக்குத் திரும்ப இன்னொரு 90. அவசரப்பட்டு அடுத்த வரியை எடுத்தால் அது சிரிப்பில் முழுகிவிடும். பால்கனிக்கு அடியில் தனி ஸ்பீக்கர் வைத்து, அதைத் தூரத்துக்கு ஏற்பத் தாமதப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் வசனம் இரட்டிப்பாய்க் கேட்டு ஜோக் செத்துவிடும். பிரான்சனின் இன்னொரு அரங்கான கிராண்ட் பேலஸில் ஏறக்குறைய 4,000 இருக்கை இருந்தது. அங்கே கடைசி வரிசைக்கு முகமே தெரிந்திருக்காது.

பிரான்சனில் பால்ட்நாபர்ஸ் என்ற பாட்டு-காமெடிக் குழுவைச் சகோதரர்கள் 1959-இல் தொடங்கியபோது கையில் இருந்தது துணி துவைக்கும் பலகை, கவிழ்த்த தொட்டியில் கம்பி கட்டிய பேஸ், கழுதைத் தாடை எலும்பு. சிரிப்பு பாதி கருவியைப் பார்த்தே வரும். பல்லைக் கறுப்பாக்கிக்கொண்டு வருகிற கோமாளியும் முன் பத்து வரிசையை நம்பித்தான் வருகிறார். அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு: பின்னால் இசைக்காரர்கள் பான்ஜோவைக் கீழே வைத்து ஃபிடிலை (வயலின்) எடுக்கிற இரண்டு நிமிஷத்தை அடைப்பது. அந்த வேஷம் ஒருவர் போனாலும் இன்னொருவருக்குப் பொருந்தும். ரே ஸ்டீவன்ஸ் இடத்தில் யாரை நிறுத்துவீர்கள்?

இருக்கைஎண்ணி:
ஒலி விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதுவும் கடைசியில் இருக்கைக் கணக்குதானே?

மேடைக்கணக்கு:
கடைசியில் மாற்று ஆளில்லாத கணக்கு, ஐயா. ரே ஸ்டீவன்ஸ் 2004-இல் திரும்ப பிரான்சன் வந்தார், 2006-இல் மறுபடி நிறுத்தினார். 2018-இல் நாஷ்வில்லில் ஆயிரத்துக்கும் குறைந்த இருக்கையோடு, சாப்பாட்டு மேசை போட்டு ஒன்று திறந்தார். அவர் குடியிருந்த ஊர்ப்பக்கம், வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

இருக்கைஎண்ணி:
ஆயிரத்துக்கும் குறைந்த இருக்கை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இனி நான் எதற்கு வாதாட?