இமிட்டேஷன் வளையலும் ஃபர்ஸ்ட் காப்பி வாட்சும் ஒண்ணா?

மாட்டுங்கா மாமி:
பேத்திக்கு இங்கிலீஷ் ஹோம்வொர்க். இமிட்டேஷன், கவுண்ட்டர்ஃபீட், ஃபோர்ஜ், ஃபெயின், ஷாம். அஞ்சுக்கும் வித்தியாசம் எழுதணுமாம். எல்லாம் போலிதானே, ஒரே வரியில முடின்னேன். அழறா. யாராவது சொல்லுங்கோ.

செம்பூர் வக்கீல்:
ஒண்ணு இல்லை மாமி. நம்ம மும்பை புலேஷ்வர்ல ‘இமிட்டேஷன் ஜுவல்லரி’ன்னு போர்டே வச்சிருக்கான். நம்ம கவரிங். தங்கம் இல்லைன்னு சொல்லித்தான் விக்கிறான். கவுண்ட்டர்ஃபீட்னு எவனாவது போர்டு வைப்பானா? 2024 வரைக்கும் நடப்புல இருந்த 1860 இந்தியத் தண்டனைச் சட்டம் 28-ஆம் பிரிவுல இதுக்கு விளக்கமே இருந்தது: ஒண்ணைப் போல இன்னொண்ணைச் செய்யணும், அதை வச்சு ஏமாத்தற எண்ணமோ, ஜனங்க ஏமாறலாம்னு தெரிஞ்சோ செய்யணும். அச்சு அசலா இருக்கணும்னுகூட இல்லை.

தாராவிக்காரன்:
அண்ணாச்சி, சட்டம் கிடக்கட்டும். தெருவுல பெரிய கம்பெனி பேர் போட்ட வாட்ச் விக்கிற பையன் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ன்னு வாய் நிறையச் சொல்லித்தான் விக்கான். வாங்குறவனுக்கும் தெரியும். யாரு ஏமாந்தா? கவரிங்குக்கு ஒரு நியாயம், வாட்சுக்கு ஒரு நியாயமா?

செம்பூர் வக்கீல்:
தங்கத்துக்கு முதலாளி கிடையாது. அந்த வாட்சுல இருக்கிற பேருக்கு உண்டு. 1999 டிரேட் மார்க் சட்டம் எதுக்கு இருக்கு?

தாராவிக்காரன்:
அப்போ ஏமாத்துறதுல இல்ல, முதலாளி இருக்கானாங்கிறதுலதான் வித்தியாசம்! கல்யாணத்துக்குக் கவரிங் ஆரம் போட்டு வாறவங்க ‘இது கவரிங்’னு சொல்லிக்கிட்டா திரியுறாங்க? நான் தோல் பை தைக்கிறவன். அதே தோல், அதே கை. பெரிய கம்பெனி பேர் இருந்தா ஒரு விலை, என் பேர் இருந்தா பேரம்.

சயான் சுந்தரி:
மாமி கேட்டதை விட்டுட்டு ரெண்டு பேரும் கோர்ட்டுக்குப் போயிட்டீங்களே! மாமி, ஃபெயினுக்கு வேர் லத்தீன்ல ‘ஃபிங்கெரே’. மண்ணைப் பிசைஞ்சு உருவம் பண்றது. நம்ம தாராவி கும்பர்வாடாக் குயவங்க வேலை. ஃபிக்‌ஷனும் அதே வேர்தான். இல்லாத வயித்துவலியை வனைஞ்சா ஃபெயின். ஃபோர்ஜ் கொல்லன் பட்டறை வார்த்தை. இரும்பை ஃபோர்ஜ் பண்ணா தொழில், கையெழுத்தைப் பண்ணா ஜெயில். ஷாம்னா பேருக்கு நடத்தறது, தீர்ப்பை முன்னாடியே எழுதி வச்சுட்டு விசாரிக்கிற மாதிரி. இதுல ப்ரிடெண்டைச் சேர்க்காம விட்டுட்டாங்களே! அந்தக் காலத்துல அதுக்கு உரிமை கோர்றதுன்னும் அர்த்தம். 1745-ல ஸ்காட்லாந்துல இறங்கி அப்பாவுக்காகச் சிம்மாசனம் கேட்ட சார்லஸ் ஸ்டுவர்ட்டை ‘யங் ப்ரிடெண்டர்’னாங்க.

மாட்டுங்கா மாமி:
அஞ்சுக்கே அழறாடி. ஆறாவது வேண்டாம்.

தாராவிக்காரன்:
போலின்னாலே கெட்டதுன்னு யாரு சொன்னா? ‘இல்முன்’ புரண்டு ‘முன்றில்’ ஆனதை இலக்கணப்போலின்னுதான் வாத்தியார் நடத்தினார். அதுல யாரு ஏமாந்தா?

செம்பூர் வக்கீல்:
நான் சொல்றதும் அதான். தமிழ்ல ஏமாத்தற போலிக்கு ‘கள்ள’ இருக்கு. கள்ள நோட்டு, கள்ளக் கையெழுத்து. கவரிங்கைக் கள்ள நகைன்னு யாரும் சொல்றதில்லை.

தாராவிக்காரன்:
கம்பெனி பேர் போட்டா நான் தைக்கிறது கள்ளப் பையா?

செம்பூர் வக்கீல்:
ஆமா. உங்க பேர் போட்டா நல்ல பை.

தாராவிக்காரன்:
நீங்க வாங்குவீங்களா அண்ணாச்சி?

மாட்டுங்கா மாமி:
எழுதி முடிச்சுட்டா. இமிட்டேஷனுக்கு உதாரணம் பாட்டி வளையல். கவுண்ட்டர்ஃபீட்டுக்கு அப்பா வாட்ச். அவன் இன்னும் ஆபீஸ்லேர்ந்து வரலை.