விமான நிலையத்தருகே ட்ரோன் பறக்கவிடுபவரின் கையில் விமான வானொலி தேவையா?

வாவிக்கரை:
மட்டக்களப்பு விமான நிலையத்தை அண்டிய பகுதிகளில் அனுமதி பெற்று ட்ரோன் பறக்கவிடுவோர், விமானிகள் பேசுவதைக் கேட்கும் கைவானொலி ஒன்றைக் கட்டாயம் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. கலியாணங்களுக்குப் படம்பிடிக்கும் எங்களுடைய கண்கள் பெரும்பாலும் திரையிலேயே இருக்கின்றன. வாவிப்பக்கமாகத் தாழ இறங்கிவரும் சிறிய விமானத்தின் இரைச்சல், காற்று எதிர்த்திசையில் வீசினால், அது கிட்ட வந்த பிறகே காதில் விழுகிறது. விமானியோ அதற்கு வெகு முன்னரே தன் தூரத்தையும் உயரத்தையும் அறிவித்துவிடுகிறார். அந்த அறிவிப்பைக் கேட்டவுடன் ட்ரோனைத் தரையிறக்கிவிடலாம் அல்லவா?

ஒலியலை:
தம்பி, உங்கள் அக்கறை நியாயமானது. தீர்வைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கடைகளில் விமான வானொலி என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை கேட்பதோடு பேசவும் செய்பவை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் உரிமமின்றி அவற்றில் பேசுவது குற்றம். அது ஒருபுறமிருக்க, 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரையிலான இந்த அலைவரிசைகளில் பேச்சு ஏஎம் முறையில், அதாவது அலையின் வீச்சைக் கூட்டிக் குறைத்து அனுப்பும் முறையில், செல்வதால், இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு குரல்களும் ஒன்றோடொன்று மோதிக் கீச்சென்ற சத்தமாகவே கேட்கும். பைக்குள் கிடக்கும் வானொலியின் பேசும் பொத்தான் தற்செயலாக அமுங்கிக் கிடந்தால், சுமார் 900 மீற்றர் உயரத்தில் நூறு கிலோமீற்றருக்கு அப்பால் வரும் விமானத்தின் காதுக்கும் அந்த இடைஞ்சல் எட்டக்கூடும், ஏனெனில் உயரத்தில் இருப்பவருக்கும் தரைக்கும் இடையே மறைப்பு எதுவும் இல்லை.

தரையில் நிற்கும் உங்களுக்கோ நிலைமை தலைகீழானது. விமானியின் குரல் தெளிவாகக் கேட்கும். கட்டடங்களுக்கும் தென்னைகளுக்கும் அப்பாலுள்ள விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பதில் கேட்காமல் போகலாம். பாதி உரையாடலை வைத்து முடிவெடுப்பது ஆபத்து. விமானப்படையின் ஹெலிகொப்டர் வேறொரு அலைவரிசையில் பேசிக்கொண்டு வந்தால், உங்கள் கருவி மௌனமாக இருக்கும். வானம் வெறுமையாக இருக்கிறதென்று நீங்கள் நம்புவீர்கள்.

வட்டைக்காரன்:
அம்பாறையில் வெள்ளாமைக்கு மருந்து தெளிக்கும் எங்களுடைய ட்ரோன் கதிருக்கு மேலே இரண்டு, மூன்று மீற்றரில்தான் போகிறது. எங்களுக்கு வானொலியைவிட, வரம்பில் நின்று வானத்தை மட்டும் பார்க்கும் இன்னொரு ஆள்தான் பயன்.

வாவிக்கரை:
ஒலியலை அண்ணா, பொத்தான் பற்றிய அச்சத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆகவே பேச முடியாத, கேட்க மட்டுமே முடிந்த கருவியையே கோருகிறேன். அதையும் ட்ரோன் ஓட்டுபவர் கேட்க வேண்டாம், வட்டைக்காரன் அண்ணன் சொன்ன அந்த இரண்டாவது ஆளே கேட்கட்டும். ஓடுபாதையின் எண் என்பது அதன் திசையை வடக்கிலிருந்து பாகையில் அளந்து, பத்தால் வகுத்து முழுமையாக்கிய எண். 06 என்று கேட்டால் விமானம் வடகிழக்குப் பக்கம் நோக்கி இறங்குகிறது, ஆகவே தென்மேற்கிலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். கண்ணுக்குத் துணையாகக் காதையும் வைப்பதில் என்ன கேடு?

ஒலியலை:
பயின்றவர் ஒருவர் கேட்பதில் கேடில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். என் கவலை வரிசையைப் பற்றியது. 200 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிவுசெய்து, அனுமதி பெற்று, பறக்கும் இடத்தையும் உயரத்தையும் நேரத்தையும் விமான நிலையத்துக்கு முன்கூட்டியே அறிவித்து, அங்கிருந்து உங்களை உடனே அழைக்கக்கூடிய ஒரு தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்த பிறகே, கேட்கும் கருவிக்கு இடமுண்டு. விமானம் வருவதை நீங்கள் அறிவது பாதிதான். நீங்கள் அங்கே இருப்பதை விமானியும் கோபுரமும் அறிவது மற்றப் பாதி, கேட்கும் வானொலி அதை ஒருபோதும் செய்து தராது. அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில், எத்தனை கருவிகள் கையிலிருந்தாலும், ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுக்கவே கூடாது என்பதில் நான் மாறவில்லை.