காலாங்கில் அப்பாவுடன் இரண்டு ஆட்டம்

சிங்கப்பூரின் புதிய தேசிய விளையாட்டரங்கம் 2014 ஜூனில் திறந்தபோது அப்பாவுக்கு அந்தப் பக்கம் வரவே மனமில்லை. பழைய காலாங் அரங்கில் மரப்பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்து சிங்கப்பூர் கால்பந்து வீரர் சுந்தரமூர்த்தியின் ஆட்டம் பார்த்தவர் அவர். "பிரெஞ்சுக்காரன் கட்டினான், லண்டன்காரன் வரைந்தான். நம்ம சத்தத்தை எவன்டா கொண்டுவருவான்?" என்பார்.

அவர் சொன்னது பொய்யில்லை. பிரான்சின் புயிக் குழுமத்து நிறுவனம் கட்டியது, லண்டன் அரூப் நிறுவனப் பொறியாளர்கள் வடிவமைப்பில் இருந்தார்கள். அரசும் தனியாரும் சேர்ந்து போட்ட 25 ஆண்டு ஒப்பந்தம். 2022 டிசம்பரில் அரசே அதை எடுத்துக்கொண்டது தனிக்கதை.

திறந்த அதே 2014இல், அக்டோபர் 14, பிரேசில் - ஜப்பான் ஆட்டத்துக்கு எப்படியோ இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தவர் கொஞ்சநேரம் பேசவில்லை. 310 மீட்டர் அகலக் கூரை, நடுவில் ஒரு தூண் கிடையாது. இருக்கைக்கு அடியிலிருந்து வரும் குளிர்காற்று கணுக்காலில் பட, "இது என்ன சினிமா தியேட்டரா?" என்று காலை இழுத்துக்கொண்டார். நெய்மார் நான்கு கோல் போட்டார். ஆனால் அவர் ஓடும்போதெல்லாம் காலடியில் மணல் கிளம்பியது எங்கள் இடத்திலிருந்தே தெரிந்தது. அவ்வளவு பெரிய கூரை போட்டால் புல்லுக்கு வெயில் எங்கிருந்து கிடைக்கும்? கூட்டம் நிறைந்திருந்தும் பாதிப்பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முழக்கம் வரவில்லை. அப்பாவுக்கு ஒருவகையில் திருப்திதான்.

அப்புறம் நவம்பர் 29, தென்கிழக்காசிய அணிகளின் சுசுகி கிண்ணம், எதிரே மலேசியா. தோற்றால் சொந்த மண்ணில், நடப்பு வெற்றியாளர்கள் நாம், வெளியே. 83ஆம் நிமிடம் நம் கைருல் அம்ரி 1-1 ஆக்கினார். அந்தச் சத்தம் கூரையில் மோதித் திரும்பி விழுந்தது, நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் அப்பா இருக்கைமேல் ஏறி நிற்கிறார்! அறுபது வயதில். முழங்கால் வலி எங்கே போனதோ.

சந்தோஷம் பத்து நிமிடம்தான். தொண்ணூறு நிமிடம் தாண்டிச் சேர்த்த நிமிடங்களில் மலேசியாவுக்குப் பெனால்டி, அதில் ஒன்று. நம் கோல்கீப்பரும் கார்னருக்காக முன்னால் ஓட, ஆளில்லாத வலையில் இன்னொன்று. 3-1.

ஸ்டேடியம் எம்ஆர்டி ரயில் நிலையம் வரை இருவரும் பேசவில்லை. வீட்டுக்குக் கீழே காப்பிக்கடையில் அப்பா 'தே-ஓ', பால் இல்லாத தேநீர், சொல்ல வாயைத் திறந்தார். தொண்டை கட்டியிருந்தது, குரலே வரவில்லை. பக்கத்து மேசைக் கோப்பையைக் காட்டி விரலால் இரண்டு என்றார்.